சத்தம் போடாத மாஸ்டர்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. எங்கள் நெப்ராஸ்காவில் ஒரு சாமுராய் செத்த கதையைச் சொல்கிறேன்.

லொரேன் வலியடக்கும் மார்ஃபின் சொட்டு மருந்தை எடுத்து வந்ததும் அவள் அப்பா டெல்மர் வாயை இறுக மூடிக்கொண்டார். கட்டிலைச் சுற்றி அவருடைய மாணவர்கள் வெள்ளைப் பயிற்சி உடுப்பில் மண்டியிட்டிருந்தார்கள். எல்லோரும் தலை நரைத்தவர்கள். லாரி ஓட்டுகிறவர்கள், சோளம் விளைவிக்கிறவர்கள். டயர் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அவர்களுக்கு வாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். வலித்தாலும் வீரன் முனகமாட்டான் என்பதுதான் அங்கே முதல் பாடம்.

"வாயத் திறங்கப்பா. நீங்க ஜப்பானக் கண்ணால பாத்ததுகூட இல்ல. டயர் விக்கிறவரு."

"டயர் விக்கிற சாமுராய்னு சொல்லு."

சிரிக்கப் பார்த்தார். வயிற்றுப் புற்று விடவில்லை. போர்வைக்குள் அவர் கால்விரல்கள் முறுக்கிக்கொண்டதை அவள் மட்டும் பார்த்தாள்.

மூத்த மாணவன் ராய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாத்தியா லொரேன், மாஸ்டர் ஒரு சத்தம் போடல."

இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அப்பா மருந்துக்கு வாயைத் திறக்கமாட்டார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முதலில் கெஞ்சினாள், பிறகு அதட்டி, எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. சன்னலுக்கு வெளியே பனியில் வரிசையாக நின்று தலைகுனிந்தார்கள். அவள் திரையை இழுத்துவிட்டாள்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கப்பா."

"எல்லாரும்?"

"எல்லாரும்."

வாயைத் திறந்தார். நாக்கடியில் சொட்டு விட்டாள். அது வேலை செய்வதற்குள், இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் கன்று போட முடியாத பசுவின் கதறலாகக் கிளம்பியது. லொரேன் ஓடிப்போய்த் தூசி உறிஞ்சும் வேக்குவம் கிளீனரை இழுத்து வந்து இரைச்சலோடு ஓடவிட்டாள். ஒரு கையால் சுத்தமான கம்பளத்தையே தேய்த்தாள். மறு கை அவர் பிடியில் இருந்தது. அவர் செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிட்டார். மறுபடி மறுபடி கூப்பிட்டார். அந்த இரைச்சலில் அவர் குரல் எப்போது நின்றது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

கதவைத் திறந்தாள். ராய்ஸ் அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

"கடைசில சத்தம் ஏதாச்சும்..."

"இல்ல."

"நாங்களும் அப்படித்தான் போவோம்" என்றான். குளிரில் அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. பற்கள் தந்தியடிக்காமலிருக்கத் தாடையை இறுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே வேக்குவம் கிளீனர் ஓடிக்கொண்டே இருந்தது.

உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும், கண்ணுகளா. அங்கே வலிக்கிறவர்கள் வாய்விட்டு அழட்டும். கேட்க ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.