இருபத்து மூன்று புகார்களைத் திரும்பப் பெறுதல்

வந்திருந்தவர்களும் அவர்கள் அமர்ந்த இடமும்:

சூலியா தெருவில் இஸ்மாயிலின் சாப்பாட்டுக் கடை, வாசலிலிருந்து மூன்றாவது மேசை. மின்விசிறிக்கு நேர் கீழே முனுசாமியாகிய நான்; காகிதம் பறக்காமலிருக்க அதன்மேல் சீனிக் குப்பியை வைத்திருந்தேன். எதிரே சாதிக், இஸ்மாயிலின் மைத்துனர், இதே தெருவில் நாணயமாற்றுக் கடை வைத்திருப்பவர். எங்கே போனாலும் கதவு தெரிகிற மாதிரிதான் உட்காருவார், நெஞ்சு படபடத்தால் எழுந்து ஓட வசதியாக. சுவரோரம் தனுஜா, பாயான் லெப்பாஸ் கணினிச் சிப்புத் தொழிற்சாலையில் எஞ்சினியர், அன்று அவளுக்கு ஓய்வு நாள். நான்காவது நாற்காலியில் புஷ்பவள்ளி அக்காவின் கைப்பை. அக்கா அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒக்காருங்கக்கா," என்றாள் தனுஜா.

"கூட்டம் எனக்காகன்னா நா ஒக்கார மாட்டேன். பை ஒக்காரும்."

கூட்டம் அவருக்காகத்தான். முதல் நாள் மாலை கிளினிக்கிலிருந்து நர்ஸ் ரோஹானா (நர்ஸுகளை நாங்கள் மிஸ்ஸி என்போம்) எனக்குப் போன் செய்திருந்தார். அக்காவின் மாத ஊசி பதினொரு நாள் தள்ளிப்போய்விட்டது, நீங்களாவது சொல்லிப் பாருங்கள் என்றார். இரண்டு வருடத்துக்கு முன் இப்படித்தான் ஊசியைத் தவறவிட்டு, அக்கா விமான நிலையச் சாலையில் போன மோட்டார் சைக்கிள்களையெல்லாம் கைகாட்டி நிறுத்தி, 'சத்தத்த அணை' என்று கெஞ்சியிருக்கிறார். அதன் பிறகு ஆறு வாரம் வார்டில் இருந்தார். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று அவர் கொடுத்திருந்தது என் பெயரை. 'உறவு' என்ற கட்டத்தில் 'பெஞ்சு' என்று எழுதியிருந்தார்.

அதை விளக்க வேண்டும். நாங்கள் போகும் மனநலக் கிளினிக்கில் சுவரை ஒட்டி ஒரு நீள மரப்பெஞ்சு இருந்தது. சரியாக நான்கு பேர் உட்காரலாம். எங்கள் நால்வருக்கும் மாதத்தின் முதல் செவ்வாய். ஏழு மணிக்கே போய் நம்பர் எடுப்போம். டாக்டரைப் பார்க்கப் பதினொன்றாகும். அந்த நான்கு மணி நேரத்தில், முறை வைத்து ஒருவர் கொண்டுவரும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தில் பசியாறுவோம். ஒருவர் மாத்திரையை மற்றவர் குறை சொல்வோம். டாக்டரிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று ஒத்திகை பார்ப்போம். மறைக்க நினைத்ததைச் சொல்லச் சொல்லி மற்ற மூவரும் திட்டுவோம். வேலை ஓய்வுக்குப் பிறகு ஏழு மாதம் கட்டிலை விட்டு எழாதவன் நான். அந்தச் செவ்வாய் மட்டும் ஆறு மணிக்கே சட்டை மாட்டிக்கொண்டு நிற்பேன்.

கெப்பாலா பத்தாஸ் நில அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்த எனக்குச் சும்மா உட்காரக் கை வராது. ஆகவே ஒவ்வொரு மாதமும் பெஞ்சில் உட்கார்ந்தபடி, காத்திருக்கும் நேரம் அதிகம் என்று ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். மற்ற மூவரும் தமிழில் சொல்வார்கள். நான் நல்ல மலாய் மொழியில், எண் போட்டு எழுதுவேன். நாங்கள் காத்திருக்க ஆரம்பித்தபோது நட்ட வாசல் மாமரம் காய்த்துவிட்டது என்பது ஏழாம் கடிதம். அது சாதிக்கின் சரக்கு. ஒன்பதாம் கடிதம் அக்காவுடையது. அவர் தலைக்குள் பேசும் ஒருவனை அவர் 'மாடிக்காரன்' என்பார். அந்த மாடிக்காரனே சலித்துப்போய் வேறு கிளினிக் தேடுகிறான் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். சிரித்துச் சிரித்துச் சாதிக்குக்குப் புரையேறி, ஒரு மிஸ்ஸி தண்ணீர் கொண்டுவந்தார்.

எழுதியதை ஊசி போடும் அறைக்குப் பக்கத்திலிருந்த புகார்ப் பெட்டியில் போடுவோம். பெட்டியின் பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. யாரும் திறப்பதில்லை என்ற தைரியத்தில்தான் அத்தனையும் எழுதினோம்.

மூன்று மாதத்துக்கு முன் புதிதாக வந்த டாக்டர் இக்மல் அந்தப் பூட்டை உடைத்தார்.

இருபத்து மூன்று கடிதங்களையும் படித்திருக்கிறார். அவற்றின்படி செய்தும் விட்டார். இப்போது ஆளுக்கு ஒரு நாள், ஆளுக்கு ஒரு நேரம். போன கால் மணியில் வெளியே வரலாம். பெஞ்சை எடுத்துவிட்டுத் தனித்தனி நாற்காலி போட்டுவிட்டார்கள். 'தங்கள் விடாமுயற்சிக்கு நன்றி' என்று எனக்கு ஒரு கடிதமும் வந்தது. வாழ்க்கையில் நான் எழுதிய கடிதத்துக்கு ஓர் அலுவலகம் இவ்வளவு மதிப்புக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"இருவத்தி மூணு லெட்டரு!" என்றார் சாதிக். "ஒண்ணு ரெண்டாச்சும் கிறுக்கி எழுதிருக்கலாம்லா. அச்சடிச்ச மாரி எழுதுனா படிக்கத்தான செய்வாங்க?"

"நீ சொன்னதத்தான எழுதுனேன். மாமரம் யாரோடது?"

"மாமரத்த விடுண்ணே. இப்ப அக்கா ஊசிக்குப் போவணும். அதப் பேசு."

அக்கா நின்றபடியே பேசினார். "எனக்கு வெள்ளிக்கெழம எட்டே காலு. ரெண்டு பஸ்ஸு ஏறி வரணும். எட்டரைக்கு ஊசியப் போட்டு வெளிய விட்டுர்றாங்க. திரும்ப ரெண்டு பஸ்ஸு. ரெண்டு மாசம் போய்ப் பாத்தேன். அன்னிக்குப் பூரா நா பேசுனது பஸ் டிரைவர்கிட்ட நன்றிக்கு ஒரு தெரிமா காசே. அவ்ளோதான்."

"ஊசி முக்கியம் இல்லியாக்கா?" என்றாள் தனுஜா.

"முக்கியம்தான்மா. ஊசி போட்டா மாடிக்காரன் வாய மூடிக்கிறான். அவனும் மூடிக்கிட்டா வீட்ல யார் பேசுவா?"

சாதிக் கதவைப் பார்த்தார். நான் பேனா மூடியைத் திறந்து, திரும்ப மூடினேன்.

"எழுதுண்ணே," என்றார் சாதிக். "இருவத்தி மூணு புகாரும் வாபஸ். பழையபடி லேட்டு பண்ணுங்க. அவ்ளோதான் லெட்டரு."

"அலோ, எனக்கு வேணாம்லா பழையபடி!" தனுஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அண்ணே, மாசாமாசம் ஒரு நாள் முழுக்க லீவு எடுத்தவ நானு. மேலதிகாரிகிட்ட என்ன சொல்றது? சித்தப்பா பொண்ணுக்குக் கல்யாணம், சித்தப்பா பையனுக்குக் கல்யாணம். பதினோரு மாசத்துல பதினோரு கல்யாணம். கடைசில அவரு, உங்க சித்தப்பாவ ஒரு தடவ பாக்கணும்னு கேட்டாரு. இப்ப வேலைக்குப் போற வழியில ஏழே முக்காலுக்குப் போறேன், எட்டு மணிக்கு வெளிய வரேன். யாருக்கும் தெரியாது. எனக்கு இது ஒசத்திண்ணே."

அவள் சொன்னது நியாயம். ஒருத்தருக்கு மருந்தாக இருப்பது இன்னொருத்தருக்கு லீவு நஷ்டம். சாதிக்கே தலையாட்டினார். காகிதத்தின் உச்சியில் 'பொருள்' என்று எழுதிக் கோடு போட்டிருந்தேன். அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை.

அப்போது தனுஜா, நான் கொண்டுவந்திருந்த டாக்டரின் நன்றிக் கடிதத்தை எடுத்துப் புரட்டினாள். அதனுடன் ஓர் அட்டவணை இருந்தது. "அண்ணே, இதப் பாத்தீங்களா? எல்லா நாளையும் விட, மொத செவ்வாய் மட்டும் ஒரு மணி நேரம் கூட லேட்டு. காரணம் கண்டறியப்படவில்லைன்னு போட்ருக்காரு."

குற்றவாளிகள் நால்வரும் ஒரே நேரத்தில் தே தாரிக் டீயைக் குடித்தோம். அக்கா நின்றபடி குடித்தார்.

காரணம் எங்களுக்குத் தெரியும். நாங்கள் நம்பரை மாற்றிக்கொள்வோம். கதை நல்ல இடத்தில் நிற்கும்போது சாதிக்கின் நம்பர் வந்துவிட்டால், அவர் தன் நம்பர் சீட்டைத் தனுஜாவிடம் தள்ளுவார். அவள் அக்காவிடம் தள்ளுவாள். நால்வரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்ப அது ஓர் ஏற்பாடு. நம்பர் மாறினால் கோப்பு மாறும். மிஸ்ஸி உள்ளே போய்ச் சரியான கோப்பைத் தேடி வருவதற்குள், எங்களுக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் காத்துக் கிடந்திருக்கிறார்கள். காத்திருப்பு அதிகம் என்று இருபத்து மூன்று தடவை புகார் எழுதியவன், அந்தக் காத்திருப்புக்கு நானே ஒரு காரணம் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை.

"இத எழுதியாவணும்," என்றேன்.

"பைத்தியமாண்ணே?" என்றார் சாதிக். "புடிச்சி உள்ள போட்ருவாங்க!"

"உள்ளதான? ஆறு வாரம் இருந்துட்டு வந்தேன்," என்றார் அக்கா. "புதன்கெழம கறி நல்லாருக்கும்."

சிரிப்பு அடங்கிய பிறகு எழுதினேன். புகார் ஒன்று முதல் இருபத்து மூன்று வரை திரும்பப் பெறப்படுகின்றன. செவ்வாய்க்கிழமைத் தாமதத்துக்குக் கீழே கையெழுத்திட்டவர்களே காரணம், அதற்காக வருந்துகிறோம். புதிய முறை நல்ல முறை, அதை மாற்ற வேண்டாம். ஆனால் மாதம் ஒரு செவ்வாய், பத்திலிருந்து பன்னிரண்டு வரை, அந்தப் பெஞ்சைத் திரும்பப் போட வேண்டும். டாக்டர் வர வேண்டியதில்லை, மருந்து தர வேண்டியதில்லை. புஷ்பவள்ளி அவர்களின் ஊசியை மட்டும் அந்த நாளுக்கு மாற்றினால் போதும்.

"இன்னும் ரெண்டு பெஞ்சு கேளுங்கண்ணே," என்றாள் தனுஜா. "நம்ம மாரி வேற பெஞ்சும் கலஞ்சிருக்கும்ல. செவ்வாய்ல ஓய்வு வந்தா நானும் வருவேன்."

அதையும் எழுதினேன். நால்வரும் கையெழுத்திட்டோம். இஸ்மாயில் உறை ஒன்று கொண்டுவந்து வைத்தார். அதில் ஒரு மூலையில் மீன்குழம்பு வாடை.

"போஸ்ட்ல போட்டா ஒரு வாரம் ஆவும்," என்றேன், மேசையைப் பார்த்தபடி. "பெட்டியில போட்டா இன்னிக்கே பாத்துருவாரு. யார் கொண்டுபோறது?"

யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. மூவரும் ரொம்பச் சிரமப்பட்டுப் பார்க்காமல் இருந்தோம்.

"பொட்டி ஊசி ரூமுக்குப் பக்கத்துல," என்றார் அக்கா. "எனக்கு மறந்துருக்கும்னு நெனச்சீங்களா?"

"இல்லக்கா," என்றார் சாதிக்.

"மூணு பேரும் சேந்து எனக்கு வல போடுறீங்க."

"ஆமாக்கா."

அக்கா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறிப்போன தே தாரிக்கை மெதுவாகக் குடித்து முடித்தார். "மூணு பேரும் கூட வரணும். சாதிக் ஓட்டுற காடில முன் சீட்டு எனக்கு."

கிளினிக்கில் ரோஹானா எங்களைப் பார்த்ததும் முதலில் மகிழ்ந்தார், பிறகு தயங்கினார். பாதி மலாய், பாதி தமிழில் பேசுவார். "புஷ்பா, இன்னிக்கு உங்களுக்கு நேரம் இல்ல. நேரம் எடுக்காம வந்தா காத்திருக்கணும். மன்னிக்கணும் ஆ. ஒரு மணி நேரம் ஆகும்."

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் மூன்று மாதமாகப் பார்க்கவில்லை.

"நல்லா பாத்துச் சொல்லு மிஸ்ஸி," என்றார். "ரெண்டு ஆவாதா?"

தனித்தனி நாற்காலிகள் நான்கையும் இழுத்துச் சுவரோரம் ஒட்டிப் போட்டோம். தரை கிரீச்சிட்டது; யாரும் தடுக்கவில்லை. சாதிக், இஸ்மாயில் கடையில் கட்டி வாங்கிய வடையைப் பிரித்தார். பழைய பெஞ்சு எங்கே என்று ரோஹானாவிடம் கேட்டேன்.

"ஸ்டோர்ல. தூக்கிப் போட யாருக்கும் மனசு வரல."

உறையை இன்னும் ஒட்டவில்லை. காகிதத்தை வெளியே எடுத்தேன். அக்கா சொல்லச் சொல்லக் கடைசி வரியைச் சேர்த்தேன்: பெஞ்சு ஸ்டோரில் இருப்பதாக அறிகிறோம், தூக்கிவர நாங்கள் நால்வர் இருக்கிறோம்.

ஒரு மணி பத்து நிமிடத்தில் அக்காவின் நம்பரைக் கூப்பிட்டார்கள். வடை பாதி இருந்தது, தனுஜாவின் பதினோராம் கல்யாணக் கதையும் பாதியில் நின்றது. அக்கா தன் சீட்டைப் பார்த்தார். பிறகு பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்தார்.

"புஷ்பா!" என்றார் ரோஹானா. "கூடாது!"

அக்கா எழுந்து போனார். ஐந்து நிமிடத்தில் கையைத் தேய்த்துக்கொண்டு வந்து, "பதினோராவது பொண்ணுக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

உறையின் மூலையில் 24 என்று எழுதி அவரிடம் கொடுத்தேன். அவர் ஓரத்தை நாக்கால் நனைத்து, மீன்குழம்பு என்று முகம் சுளித்து, தொடையில் வைத்து அழுத்தி ஒட்டினார். பெட்டியில் புதுப் பூட்டு தொங்கியது. அதை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, கடிதத்தை உள்ளே போட்டார். அது அடியில் போய் விழும் சத்தம் கேட்டது. அன்று வேறு யாரும் புகார் எழுதவில்லை போலும்.