வெறும் வயிறு

மத்தியானம் ஆவதற்கு முன்பே டொக்டர் ஜீவராஜுக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. கல்முனைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியொன்றில் பிரஷர், சீனி வருத்தக் கிளினிக் என்றால் சும்மாவா? ஒருவர் எழும்ப முதல் அடுத்தவர் கதிரையைப் பிடித்துவிடுவார். கேட்பதும் ஒரே கேள்வி, வருவதும் ஒரே பதில். "குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?" "ஓம் டொக்டர்." டொக்டரிடம் இல்லையென்று சொல்லும் துணிச்சல் இந்த ஊர்களில் யாருக்கு இருக்கிறது!

அடுத்து அபுல் ஹஸன் வந்து உட்கார்ந்தார். சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிற மனிதர். அவருக்குப் பின்னால் கைப்பையை அணைத்தபடி மனைவி ஸுஹைறா. பிரஷர் இந்த முறையும் உச்சத்தில் நின்றது. கிளினிக்குக்குக் கிளினிக் மருந்தைக் கூட்டியும் இறங்கமாட்டேன் என்கிறது. ஜீவராஜுக்கு எரிச்சல் வந்தது. இந்த மனிதர் குளிசையை வீட்டில் அடுக்கி வைத்துவிட்டு இங்கே வந்து ஓம் போடுகிறார் என்று முடிவுகட்டி, இன்னும் கூட்டி எழுதப் பேனையை எடுத்தார்.

"நெத்தியில என்ன தையல்?"

"வரம்பில வழுக்கிட்டு டொக்டர். அது ஒண்டுமில்ல."

ஸுஹைறாவுக்குப் பொறுக்கவில்லை. "வழுக்கல்ல டொக்டர். குளிசையப் போட்டுட்டு வயலுக்குப் போனா தல சுத்தி விழுறார். நீங்க கூட்டக் கூட்ட விழுறதும் கூடுது. இனியும் கூட்டினா இவர் தப்புவாரெண்டு எனக்கு நம்பிக்கை இல்ல."

"நீ சும்மா இரி. டொக்டருக்கு இருக்கிற அலுப்பில..." என்றார் அபுல் ஹஸன்.

ஜீவராஜின் பேனை நின்றது. குளிசை போடாதவர் குளிசையால் எப்படி விழுவார்?

"இண்டைக்குக் காலையில போட்டீங்களா?"

"இல்ல டொக்டர். இரத்தம் எடுக்க வெறும் வயித்தோட வரச் சொன்னீங்க. வெறும் வயித்தில குளிசை போடக்கூடாதெண்டும் நீங்கதானே சொன்னீங்க. கிளினிக் நாளில மட்டும் போடுறல்ல."

இரண்டையும் சொன்னவர் ஜீவராஜ்தான். மனிதர் இரண்டையும் அப்படியே கேட்டு நடந்திருக்கிறார். குளிசை போடாத நாளில் பிரஷரை அளந்து, போடுகிற நாட்களுக்கு மருந்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார் டொக்டர். அவருக்கு வெட்கமாக இருந்தது. களைப்பு வேறு, முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"பிழை என்னுடையதுதான்" என்று சொல்லி, மருந்தைப் பாதியாகக் குறைத்தார். "கிளினிக் நாளிலயும் பிரஷர் குளிசையக் கொஞ்சத் தண்ணியோட போட்டுட்டு வாங்க. சீனிக் குளிசைய மட்டும் சாப்பாட்டோட போடுங்க. நாளைக்கு ஒருக்கா வந்து பிரஷரக் காட்டுங்க. விளங்கிச்சா? எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்க பாப்பம்."

அபுல் ஹஸன் பிசகாமல் சொல்லிக் காட்டினார். "அல்ஹம்துலில்லாஹ், வருத்தம் கூடல்லதானே" என்று சிரித்தபடி எழும்பினார்.

ஸுஹைறா எழும்பவில்லை.

"டொக்டர், போன நோம்புக்கு முந்தி என்ட கூடப்பொறந்த ராத்தா கிணத்தடியில விழுந்தவ எழும்பவேயில்ல, மௌத்தாப் போனா. அவவும் உங்கட கிளினிக்தான். கிளினிக் நாளெண்டா அவவும் பச்சத்தண்ணி பல்லில படவிடமாட்டா." அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. "அவவுக்கும் இதுதானா?"

ஜீவராஜ் வாயைத் திறந்தார். கதவடியில் நின்ற தாதி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். அவளைப் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். "ராத்தாட கிளினிக் கொப்பி இருந்தா நாளைக்குக் கொண்டு வாங்க, நான் என்ன எழுதியிருக்கனெண்டு பாக்கோணும்" என்றார் ஸுஹைறாவிடம்.