கங்கம்மா கண்ணில் நீலக் கடுகு

பம்மல் மீன் மார்க்கெட்டில் கங்கம்மா வாயைத் திறந்தால் பல்லாவரம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும் என்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள், ஆனால் ரொம்பக் கூட்டவில்லை. அந்த வாயால்தான் தன் தம்பி பெண்டாட்டி சரிதாவின் பெயரை ஒரே காலையில் நாறடித்துவிட்டாள்.

"மீனு வேணும்னா என்கிட்ட எடு. அவகிட்ட போவாத. புள்ளத்தாச்சியா இருந்துகினு கிரகணத்துல அருவாமனை புடிச்சவ அவ! இப்ப இன்னா ஆச்சு? பொறந்த புள்ள கண்ணு ரெண்டும் பால் மாதிரி வெளுத்துகீது. அந்தக் கையால வெட்ன மீனு உருப்படுமா?"

சரிதா பக்கத்துக் கடையில்தான் உட்கார்ந்திருந்தாள். வாங்க வந்தவர்கள் அவளுடைய சங்கரா மீனைப் பார்த்தார்கள், அவள் முகத்தைப் பார்த்தார்கள், நைசாக நகர்ந்துவிட்டார்கள். சரிதா வாய் இல்லாதவள் ஒன்றும் அல்ல. ஆனால் வெட்டியது நிஜம். கிரகணத்தன்று சாயங்காலம் யாரோ அவசரமாக வஞ்சிரம் கேட்க, நேரத்தை மறந்து அருவாமனையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது அவளுக்கு ஆறாவது மாதம்.

குழந்தை மஹாலட்சுமி பிறந்து ஒரு மாதம் ஆனபோது கருவிழிக்கு நடுவே வெள்ளை தெரிந்தது. தடுப்பூசி போட்ட நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உடனே தாம்பரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். அங்கே டாக்டர் கோகிலவாணி பார்த்துவிட்டுப் பிறவிக் கண்புரை என்றார். கிழடுகளுக்கு வருகிற வியாதி கைக்குழந்தைக்கு எப்படி வரும்? சரிதாவுக்குத் தலை சுற்றியது.

"ஆபரேஷன் பண்ணினா பார்வை வரும்மா. ஆனா ரெண்டு மாசம் முடியறதுக்குள்ள பண்ணணும்," என்றார் டாக்டர். "இந்த வயசுலதான் மூளை பார்க்கக் கத்துக்குது. விட்டுட்டா, அப்புறம் கண்ணைச் சரி பண்ணினாலும் பார்வை சரியா வராது."

வீட்டில் கங்கம்மா ஒரே போடாகப் போட்டாள். "கத்தி புடிச்சதால வந்த தோஷம். அதுக்கு இன்னொரு கத்தியை எடுத்துப் புள்ள கண்ணுல வெக்கறதா? அறிவு கீதா உங்களுக்கு? ஆடி வரட்டும். ஆத்தாளுக்குக் கூழு ஊத்திட்டு அப்பால பாக்கலாம்."

ஆடிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. சரிதாவின் புருஷன் தனசேகர் பம்மல் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ரோட்டில் லாரிக்காரனுக்குக்கூட வழிவிட மாட்டான். ஆனால் அம்மா செத்தபின் தன்னைத் தூக்கி வளர்த்த அக்காவுக்கு முன்னால் பெட்டிப்பாம்பு. "அக்கா சொல்றதும் கரெக்டு தானடி," என்று இழுத்தான்.

இதில் கொடுமை, சரிதாவே பாதி நம்பிவிட்டாள் என்பதுதான். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது வலது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள். பெற்ற தாய் தன் கையைக் கண்டே பயந்து உட்கார்ந்திருக்கிறாள்! அடப்பாவமே, யாரிடம் போய்ச் சொல்வாள்?

கடைசியில் டாக்டரிடமே சொல்லிவிட்டாள். "என் கைதாம்மா காரணம். ஆனாலும் ஆபரேஷன் பண்ணிடுங்க. பாவம் என்னோட போவட்டும்."

டாக்டர் சிரிக்கவில்லை. அவளை மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்து மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, இரண்டு கண்ணையும் பார்த்தார். "உங்க கண்ணு பளிச்சுன்னு இருக்கு. குழந்தையோட அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. அவங்க ரத்த சொந்தம் யார் வந்தாலும் சரி. நான் பார்க்கணும்."

மறுநாள் தனசேகர் ஆட்டோவை எடுத்தபோது கங்கம்மாவும் ஏறிக்கொண்டாள். பார்க்க வரவில்லை, தடுக்க வந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டாள். "டாக்டரம்மா, எங்க வூட்டுப் புள்ள மேல கத்தி வெக்க நீ யாரு?"

கோகிலவாணி தனசேகருக்குச் சொட்டு மருந்து போட்டு, கண்மணி விரிந்ததும் மெஷினில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கங்கம்மா பக்கம் திரும்பினார்.

"நீங்களும் உட்காருங்க."

"எனக்கு இன்னா கேடு? கண்ணாடி இல்லாம நெத்திலி ஆய்றவ நானு!"

"அப்போ பயம் எதுக்கு?"

பயமா? கங்கம்மாவுக்கா? சட்டென்று உட்கார்ந்தாள். மருந்து இறங்கியதும் வெளிச்சம் தாங்காமல் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, அதற்குள்ளிருந்தே திட்டிக்கொண்டிருந்தாள். வார்டே வேடிக்கை பார்த்தது. மெஷினில் பார்த்த பிறகு டாக்டர் அவள் கண்ணைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டினார். கண்ணுக்குள், லென்ஸின் ஓரம் சுற்றிலும் நீலமாகக் கடுகு தெளித்த மாதிரி புள்ளிகள். அடுத்த படம் தனசேகருடையது. அதிலும் அதே கடுகு.

"கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் புரதத்தால ஆனது," என்றார் டாக்டர். "அது கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கணும்னா, அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்ற மரபணு சரியா இருக்கணும். உங்க குடும்பத்துல அதுல ஒரு சின்னப் பிழை இருக்கும்னு நினைக்கறேன். உங்க அம்மா வழியோ அப்பா வழியோ, உங்க ரெண்டு பேருக்கும் வந்திருக்கு. உங்களுக்கு ஓரத்தோட நின்னுடுச்சு, பார்வையைத் தொடல. அதே பிழை குழந்தைக்கு லென்ஸையே மூடிடுச்சு. ஒரே வீட்டுல ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி வரும். ரத்தம் எடுத்து அனுப்பறேன், உறுதியா தெரிஞ்சிடும். ஆனா ஒண்ணு, இது குழந்தை கருவான அன்னிக்கே முடிவானது. ஆறாம் மாசத்துல அம்மா எதை வெட்டினாலும் வெட்டாட்டாலும் இதேதான்."

சரிதா எழுந்தாள். இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது அணை உடைத்துக்கொண்டு வந்தது.

"சொல்லு அண்ணி! உங்க ஆத்தா எந்தக் கிரகணத்துல இன்னாத்த வெட்னாங்க? உன் கண்ணுல கீது, உன் தம்பி கண்ணுல கீது, மார்க்கெட்ல நாறுனது மட்டும் என் கையா? என் புள்ளையத் தொடவே நான் பயந்துகினு இருந்தேனே, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?"

கங்கம்மா திரும்பப் பேசவில்லை. அது உலக அதிசயம். டிவியையே பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசியில் வேறு யாருடையதோ போன்ற சின்னக் குரலில் கேட்டாள். "டாக்டரம்மா, எம் பொண்ணு பட்டு... அவ இப்ப எட்டு மாசம் புள்ளத்தாச்சி."

"அவங்களுக்கு வந்திருக்கவும் பாதி வாய்ப்பு, வராம இருக்கவும் பாதி. வந்திருந்தா அவங்க குழந்தைக்கும் அதே கணக்குதான். பயப்படாதீங்க. பிறந்த உடனே காட்டுங்க. சீக்கிரம் பார்த்தா எல்லாத்தையும் சரி பண்ணலாம்."

ஆசையாய் வளர்த்த மகளை வெயில் படாமல், அருவாமனை தொடவிடாமல், கிரகணத்தன்று கதவைச் சாத்திக் காபந்து பண்ணியவள் கங்கம்மா. அத்தனையும் எதற்கு? தானே கொடுத்திருக்கக்கூடியது மகளுக்குள்ளேயே இருக்கலாம். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சரிதாவுக்குக் கோபம் அடங்கவில்லை, ஆனாலும் போய்த் தூக்கிவிட்டாள்.

"என்னை இன்னா செய்யச் சொல்ற?" என்றாள் கங்கம்மா.

"எங்க சொன்னியோ அங்கியே சொல்லு. அதே மாதிரி கத்திச் சொல்லு."

வீட்டுக்குத் திரும்புவது பெரும்பாடாகிவிட்டது. கண்ணில் மருந்து இருந்ததால் தனசேகர் ஆட்டோவைத் தொடக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். தன் வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு அடுத்தவன் ஷேர் ஆட்டோவில் ஏறினான்.  பம்மல் வந்ததும், "ஆபரேஷனுக்கு நான் இட்டுகினு போறேன். யார் சொன்னாலும் நிக்காது," என்றான். அக்கா பக்கத்தில் இருக்கும்போதே சொன்னான்.

விடிந்ததும் மார்க்கெட் கூடியது. கங்கம்மா கூடையைக்கூட இறக்கவில்லை.

"எல்லாம் கேட்டுக்கங்க! சரிதா மேல தப்பு ஒண்ணியும் இல்ல. எங்க ரத்தத்துல வந்தது, என் கண்ணுலயே கீது, டிவில பாத்துட்டு வந்தேன். கிரகணமும் இல்ல, அருவாமனையும் இல்ல, நான் வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். இனிமே எவளாவது அவளை ஒரு வார்த்த சொன்னா மொதல்ல எனக்குப் பதில் சொல்லணும்! எங்க சாதி சனம் அத்தினி பேரும் தாம்பரம் போய் கண்ணைக் காட்டணும், சொல்லிட்டேன்!"

காசிமேட்டிலிருந்து கோவளம் வரைக்கும் இருந்த சொந்தம் எல்லாம் வந்தது. வராதவர்களைக் கங்கம்மாவே வீட்டுக்குப் போய்த் திட்டி ஏற்றிவந்தாள். அவர்களில் இன்னும் சிலர் கண்ணிலும் கடுகு இருந்தது. ரத்தப் பரிசோதனையும் டாக்டர் சொன்னதையே சொன்னது. பட்டுவுக்குப் பிரசவம் ஆனதும் பிள்ளையைத் தொட்டிலில் போடுவதற்கு முன்னால், "மொதல்ல கண்ணுல டார்ச் அடிங்க," என்று அங்கிருந்த டாக்டர்களைக் கங்கம்மா ஒரு வழி பண்ணிவிட்டாள். இரண்டு கண்ணும் தெளிவாகப் பளிச்சென்று மின்னின.

இதற்கு நடுவே, மஹாவுக்கு இரண்டு மாதம் முடிவதற்குள் இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்தது. புண் ஆறியபின் தடிமனான குட்டிக் கண்ணாடி ஒன்று செய்து வந்தது. அதை மாட்டுகிற அன்று டாக்டர் அறையில் எல்லாரும் நெருக்கியடித்து நின்றார்கள்.

பிள்ளைக்கு அம்மாவை அதுவரை குரலால்தான் தெரியும். அதனால் சரிதா எல்லாரையும் பார்த்து, மூச்சு விடக்கூடாது என்று சைகை காட்டினாள். கங்கம்மா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியை மாட்டினார்.

மஹா முதலில் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தாள். அப்புறம் டாக்டரின் வெள்ளைக் கோட்டை. அப்புறம் எதிரே நின்ற முகத்துக்கு வந்தாள், அங்கேயே நின்றாள். சரிதா வாயைத் திறக்கவில்லை, கண்ணில் நீர் தாரை தாரையாக ஓடியது. மெதுவாக ஓரடி இடப்பக்கம் நகர்ந்தாள். அந்தச் சின்னக் கண்கள் அவளோடு நகர்ந்தன. வலப்பக்கம் வந்தாள். கண்களும் வந்தன. பிறகு அந்தப் பொக்கை வாய் விரிந்து சிரித்தது.

"பாக்குதுய்யா! என்னைத்தான்யா பாக்குது! எம் புள்ள என்னைப் பாக்குது!"

ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள், கத்தியது கங்கம்மா என்றே நினைத்தார்கள்.