சித்திக்குப் போன மஞ்சள் சட்டை

போதகர் ஜெபத்தை முடிக்கிற வழியாக இல்லை. பன்னேவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடியிலிருந்த பையை நாலாவது தடவையாகத் திறந்து, மஞ்சள் சட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். இருக்காமல் எங்கே போகும்? பப்புவாவின் சுரங்க ஊரிலிருந்து கப்பலும் பஸ்ஸுமாக அவளோடு வந்த சட்டை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, செத்தவர்களைக் கல்லறையிலிருந்து எடுத்துப் புதுத்துணி உடுத்தும் நாள் இது. பொழுது சாய்வதற்குள் அதை அம்மாவுக்கு உடுத்தி, மன்னிப்பும் கேட்டுவிட வேண்டும். கல்லறைக் கதவை மூடிவிட்டால் இனி மூன்று வருஷம் கழித்துத்தான்.

மூச்சு நின்ற பிறகு இரண்டு வருஷம் அம்மா வீட்டிலேயே படுத்திருந்தாள். ஊர் வழக்கப்படி, அடக்கச் சடங்கு முடியும்வரை அவளைச் செத்தவள் என்று யாரும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லாதவள், அவ்வளவுதான். வேளாவேளைக்குச் சோறும் காபியும் வைத்து மகளுக்காகக் காத்திருந்தார்கள். மகளோ மாதாமாதம் போனில், “அடுத்த மாசம் லீவு குடுத்துருவாங்க” என்றாள். அண்ணன் தோடிங் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் இல்லாமலேயே சடங்கை நடத்திவிட்டான். பெற்றவளை இப்படிக் காக்கவைத்தவளுக்கு நெஞ்சு உறுத்தாதா?

ஆமென் சொன்னதுதான் தாமதம், ஆண்கள் மூங்கில் ஏணியில் ஏறிப் பாறையில் குடைந்த கல்லறையிலிருந்து துணி சுற்றிய உடல்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள்.

“செவப்புத் துணிதான் அம்மா!” என்று தோடிங் மேலேயிருந்து கத்தினான். “எல்லாரும் எறங்கட்டும். பொறு!”

பொறுக்கிறவளா பன்னே? முதலில் கண்ணில் பட்ட சிவப்பின் மேல் விழுந்தாள். முடிச்சுகளைப் பிய்த்துப் பிரித்தாள். காய்ந்து சுருங்கிய முகத்தில் சாயல் கண்டுபிடிப்பது நல்ல கண்ணுக்கே கஷ்டம்; அழுத கண்ணுக்குச் சொல்லவே வேண்டாம். தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு, விறைத்த கைகளை மெல்ல நுழைத்து, மஞ்சள் சட்டைக்குப் பொத்தானும் போட்டாள். பிறகு வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தாள்.

“லீவே தரலம்மா. கால்ல விழாத கொறையாக் கேட்டேன். பாவிங்க விடல.”

காபியோடு வந்த அண்ணி ரண்டா குனிந்து பார்த்தாள்.

“யாருக்கும்மா இந்த அலங்காரம்?”

“அம்மாவுக்குத்தான் அண்ணி.”

“வாயப் பாரு. உங்கம்மாவுக்கு ஏது தங்கப்பல்?”

ஐயோ! சித்தி! அம்மாவுக்கு உடன்பிறந்த தங்கை. காபித்தோட்டத்து வரப்புக்காகப் பதினோரு வருஷம் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசாத லிம்பு சித்தி.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். “லிம்பு கெட்டிக்காரிதான்! செத்தும் அக்காகிட்ட ஒண்ணப் பிடுங்கிட்டா!” என்றார் ஒரு மாமா.

ரண்டா சிரிக்கவில்லை. “செவப்புல ரெண்டு பேரு இருக்காங்க. சடங்குக்கு வந்திருந்தா யார எதுல சுத்துனோம்னு தெரிஞ்சிருக்கும்.”

பன்னேவுக்குச் சுருக்கென்றது. கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போனது. ஏணியிலிருந்து இறங்கிவந்த தோடிங் அதைப் பிடித்துக்கொண்டான்.

“போட்டுவிட்டதக் கழட்டக் கூடாதுடி. அது இனி சித்தியோடது. வா, அம்மா அங்க இருக்கா.”

அம்மா வேலி ஓரத்தில் கிடந்தாள். முன்வாயில் ஒரு பல் இல்லை. பார்த்ததும் அவள்தான் என்று தெரிந்தது. இதற்கா அவ்வளவு அவசரப்பட்டேன் என்று பன்னே தலையில் அடித்துக்கொண்டாள். பையில் வேறொன்றும் இல்லை. மலைக்காற்று ஊசியாகக் குத்தியது. போட்டிருந்த கம்பளி ஜாக்கெட்டைக் கழற்றினாள். அதில் அம்மாவின் ஒரு கையை நுழைத்தவள், ஒப்பிக்க வாயைத் திறந்தாள். வரவில்லை. அந்தப் பொய்தான் சித்தியிடம் செலவாகிவிட்டதே.

“லீவு கெடச்சுதும்மா,” என்றாள். “ரெண்டு தடவ கெடச்சுது. நான்தான் வரல. சடங்குல வெட்ட ஒரு எருமகூட இல்லாம, வெறுங்கையோட சொந்தக்காரங்க முன்னால வந்து நிக்க வெக்கமா இருந்துச்சு.”

தோடிங்கின் முகம் கறுத்தது.

“எருமைய யாருடி கேட்டா? உன்னத்தான கேட்டோம்.”

அம்மாவின் இன்னொரு கை ஜாக்கெட்டுக்குள் நுழையாமல் மக்கர் பண்ணியது. ரண்டா காபியைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டு, மாமியாரின் தோளைத் தூக்கிப் பிடித்தாள். தோடிங் அந்தக் கையை உள்ளே விட்டு, அம்மாவின் காதருகே குனிந்தான்.

“அவள வேலைல விட மாட்டேங்குறாங்கன்னு ரெண்டு வருஷமும் காபி வைக்கும்போதெல்லாம் சொன்னேன்ல,” என்றான். “அது பொய்னு எனக்குத் தெரியாதும்மா. மன்னிச்சிரு.”