அணைக்காத சிஸ்டம்

...பிடுங்கினால் போதும், சுவரிலிருந்து வரும் அந்தக் கறுப்பு வயரைப் பிடுங்கிவிட்டால் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம், ரிஸானா கீழே லேபில் காத்துக்கொண்டிருக்கிறாள், நான் ஏன் இன்னும் மேஜைக்கு அடியில் குனிந்தபடியே இருக்கிறேன்... காலையில் வரும்போதே ஆஸ்பத்திரி முழுக்க நீலமாக இருந்தது. ரிசப்ஷன், எக்ஸ்ரே, மருந்துக் கடை, லேப், ஒரு திரை பாக்கியில்லை, நீலம், அதில் வெள்ளை எழுத்து, தானாக அணையும், தானாக எழும், மறுபடியும் நீலம். வைரஸ் வராமல் காக்கிற மென்பொருளுக்குக் கம்பெனி அனுப்பிய பாதுகாப்பு அப்டேட் அது, அதுவே எல்லாவற்றையும் படுக்கப் போட்டுவிட்டது. மருந்துக் கடை சங்கரசுப்பு அண்ணாச்சி என்னைக் கண்டதும், ‘என்னவே இசக்கித்துரை, காவக்காரனே வீட்டப் பூட்டிட்டுச் சாவியோட ஓடிட்டானா?’ என்றார். சிரித்திருக்க வேண்டிய பேச்சுதான். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் மாடியில் எங்கள் அறையின் மூலையில் ஒன்று மட்டும் எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தது, அது பொன்மணியின் சிஸ்டம், அது ஏன் ஓடுகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பொன்மணி என் மனைவி. இந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவள் பொறுப்பு, நான் அவளுக்குக் கீழே, பிரிண்டர், கேபிள், பேட்டரி. ‘வீட்லயும் அப்படித்தானா அண்ணாச்சி?’ என்று நர்சுகள் என்னைக் கிண்டல் செய்வார்கள், நான் வாயைத் திறக்குமுன் அவளே, ‘ஆமா, அதுக்கென்ன இப்போ?’ என்பாள். பங்குனியில் ஒரு நாள், இதோ இந்த நாற்காலியிலிருந்துதான், ‘தலை வலிக்கி, தண்ணி குடிச்சிட்டு வாரேன்’ என்று எழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. அவள் ரத்தமும் இதே லேபுக்குத்தான் போனது, ரிசல்ட் தாமதமில்லாமல் வந்தது, எல்லாம் நார்மல் என்று வந்தது... அந்தக் காகிதத்தை நான் எத்தனை முறை படித்தேன், நார்மல் என்று எழுதியிருக்கிறதே, பிறகு எப்படி? காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பி வந்து பார்த்தால் அவள் திரை அப்படியே இருந்தது. தன் சிஸ்டத்தை மட்டும் தானாகப் பூட்டிக்கொள்ளாதபடி வைத்திருந்தாள். பாதி அடித்த மெயில். ‘அனைவருக்கும், இன்று மாலை சிஸ்டம்கள் ரீஸ்டார்ட் ஆகும். அதற்கு முன்’ என்று நின்று, பக்கத்தில் கோடு மாதிரி கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன் என்ன? எனக்குத் தெரியும், மாதாமாதம் அவள் அனுப்புகிற மெயில்தான், வேலையைச் சேமித்துக்கொள்ளவும் என்றுதான் முடியும். தெரிந்து என்ன... அவள் விரல் எடுத்த இடத்தில் அது துடித்துக்கொண்டிருந்தது, அதை அணைக்க என்னால் ஆகவில்லை. அப்டேட் வந்தால் ரீஸ்டார்ட் ஆகிவிடுமே என்று அந்த ஒரு சிஸ்டத்தை மட்டும் அப்டேட் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். தூசி தட்டுவேன், கீபோர்டைத் தொடமாட்டேன்.

காலையில் சங்கரசுப்பு அண்ணாச்சி முன்னால் நின்றபோதுதான் மற்றது உறைத்தது. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த அப்டேட் வந்தாலும் முதலில் தன் சிஸ்டத்தில் மட்டும் போடுவாள், ஒரு பகல் முழுக்க ஓடவிட்டுப் பார்ப்பாள், கோளாறு இல்லையென்றால்தான் மற்றவற்றுக்கு விடுவாள். ‘செத்தா எஞ் சிஸ்டம் சாவட்டும், நர்சு கையில இருக்கது சாவக் கூடாது’ என்பாள். அதைப் பட்டியலிலிருந்து எடுத்த நான், அந்த இடத்தில் வேறொன்றை வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அதனால் இந்த அப்டேட் யாரிடமும் நிற்காமல் நேரே எல்லாவற்றுக்கும் போய்விட்டது. அவளுடையதைக் காப்பாற்றுகிறேன் என்று இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன், அது செய்துகொண்டிருந்த வேலையை அல்லவா நிறுத்திவைத்திருக்கிறேன்... பொன்மணிக்கு இது தெரிந்தால் என்ன சொல்வாள், ஒன்றும் சொல்லமாட்டாள், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள், அதுதான் தாங்காது.

மாடிக்கு வந்து நின்றபோதுதான் லேப் டெக்னீஷியன் ரிஸானாவின் போன் வந்தது. ஆடித் தபசுத் திருவிழா சமயம், கோயிலைச் சுற்றி ஆடிச்சுற்று சுற்றுகிற கூட்டம், இளையரசனேந்தலிலிருந்து வந்த முத்துத்தாய் என்ற அம்மா நூற்றியொரு சுற்று நேர்ந்துகொண்டு, வெறும் வயிற்றோடு சுற்றி, ரத வீதியில் விழுந்துவிட்டாள். ஏற்கெனவே சிறுநீரகம் சரியில்லாதவள். இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று தெரியாமல் டாக்டர் ஊசி போடமாட்டார். பரிசோதிக்கிற மெஷினுக்குத் தனியாகத் திரை கிடையாது, கம்ப்யூட்டர் சொன்னால்தான் அசையும். லேப் கம்ப்யூட்டரை எழுப்பப் பூட்டுத் திறக்கும் நீளமான எண் வேண்டும், அந்த எண்கள் சர்வரில், சர்வரும் நீலத்தில். வெளியே கொடுத்துப் பார்க்கலாம் என்றால் வீதியெல்லாம் அடைப்பு, ஆட்டோ நகராது. ‘அண்ணாச்சி, அக்கா சிஸ்டம் ஓடுதுல்லா? அதுலதான லேப் சாஃப்ட்வேர அக்கா போட்டுப் பாப்பாங்க? தூக்கிட்டு வாங்களேன்.’ நான் அந்தக் கர்சரைப் பார்த்தேன். ‘அண்ணாச்சி, கேக்கா? அந்தம்மாவுக்கு நேரமில்ல.’ தூக்கிட்டு வாங்களேன்... எவ்வளவு லேசாகச் சொல்கிறாள். தூக்க வேண்டுமென்றால் அணைக்க வேண்டும். அணைத்தால் அந்தப் பாதி மெயில் போய்விடும். அணைக்காமல் ஸ்லீப்பில் தூங்கவைத்தாலும் வயரைப் பிடுங்கினால் போய்விடும், திரையில் இருப்பதை ஹார்டு டிஸ்கில் எழுதிவிட்டு அணைகிற வசதியைப் பாதுகாப்புக்கென்று பொன்மணியே எல்லாவற்றிலும் எடுத்துவிட்டிருந்தாள். போனை எடுத்துத் திரையை ஒரு படம் பிடித்தேன். பார்த்தால் படத்தில் கர்சர் இல்லை, அணைகிற நொடியில் எடுத்திருக்கிறேன், வெறுமே ‘அதற்கு முன்’ என்று நிற்கிறது. இன்னொன்று எடுக்கலாமா? அதில் கர்சர் இருந்தாலும் துடிக்குமா? யாரோ ஒரு முத்துத்தாய், எனக்கு என்ன உறவு, அவளுக்கும் வீட்டில் பாதியில் விட்டுவந்த உலை, மடிக்காத சேலை இருக்கும், அதை யாராவது தொடாமல் வைத்திருக்கும்படி ஆகுமோ... குனிந்தேன், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன், பிடுங்கினேன். விசிறியின் சத்தம் நின்றது. அந்த அறையில் அப்படி ஒரு சத்தம் இருந்துகொண்டே இருந்தது என்று அது நின்றபோதுதான் தெரிந்தது.

பெட்டி சூடாக இருந்தது. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினேன், அந்தச் சூட்டைப் பற்றி நினைக்கக் கூடாது என்று நினைத்தபடியே. லேபில் வயர்களை மாட்டினேன், எழுந்தது, நீலம் வரவில்லை. பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. அவள் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது, புருஷனுக்கும் சொல்லக் கூடாது என்பது அவள் சட்டம், என் பெயரிலேயே நுழைந்தேன், மெயிலும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் திரை. ரிஸானா என்னைப் பார்க்காமல் குழாயை மெஷினில் வைத்தாள். பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, டாக்டர் ஊசி போட்டார், மதியத்துக்குள் துடிப்பு ஒழுங்குக்கு வந்துவிட்டது என்றார்கள். முத்துத்தாய் கண் திறந்ததும், ‘மிச்சச் சுத்த யாரு சுத்துவா?’ என்றுதான் கேட்டாளாம். அதே சிஸ்டத்தில் பென்டிரைவ் தயார் செய்து சர்வரை எழுப்பினேன், பிறகு ஒவ்வொன்றாக. அதுவரை ஆஸ்பத்திரியின் ரிப்போர்ட்டெல்லாம் அந்த ஒன்றிலிருந்துதான் அச்சாகி வந்தது.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இன்னும் எழுப்ப வேண்டியவற்றைக் காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தபோது முத்துத்தாயின் மகன் பேச்சிராஜ் வந்தார். கையில் ரிப்போர்ட். எந்தக் கம்ப்யூட்டரில் அச்சானது என்று காகிதத்தின் அடியில் சின்னதாக வரும், மற்றவை லேப், மருந்தகம் என்று வரும், அவளுடையதற்கு அவள் தன் பெயரையே வைத்திருந்தாள், அதனால் ‘பொன்மணி’ என்று வந்திருந்தது. ‘சார், இன்சூரன்ஸ் கவுண்டர்ல இவங்க கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லுதாங்க. இந்த பொன்மணி மேடம் எங்கன இருக்காங்க?’ கவுண்டரில் யாரோ புது ஆள் போலிருக்கிறது. அது ஆள் பெயர் இல்லை, கம்ப்யூட்டர் பெயர், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் பதில், வாயில் அதுதான் இருந்தது. ‘தண்ணி குடிக்கப் போயிருக்காங்க’ என்றேன். ‘வந்திருவாங்கள்லா?’ நான் தலையை ஆட்டினேனா, இல்லையா, தெரியவில்லை. அவர் சரி என்று பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், காகிதத்தை மடக்காமல் மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த படிக்கட்டைப் பார்த்தார். சொல்லிவிட வேண்டும், அந்த மனிதரைக் காக்கவைக்கக் கூடாது, இதோ இப்போது சொல்லிவிடுகிறேன்... யாரோ படியிறங்கி வருகிற சத்தம் கேட்டது, அவர் நிமிர்ந்தார், நானும் நிமிர்ந்தேன்.