உதட்டின் மேல் மூட்டம்

பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. ஆனால் அது அடையாள அட்டையோடு சரி. பாட்டுப் படம் எடுக்கும் தொழிலில் இறங்கிய இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் எல்லாருக்கும் அவர் மூட்டக்காரர்தாம். வெறுஞ்சுவரைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. ஒரு சன்னல், அதன் வழியே சாய்ந்து விழும் வெளிச்சம், அந்த வெளிச்சத்தின் உருவம் கண்ணுக்குத் தெரியுமளவுக்கு மெல்லிய புகை. இம்மூன்றும் அமைந்தாலன்றிக் கேமராவை ஓட விடமாட்டார். புகை இயந்திரத்தை வேறொருவர் தொடவும் ஒப்பமாட்டார். தாமே குழாயைப் பிடித்துக்கொண்டு மூலைக்கு மூலை நடப்பார். நாலடி நடந்ததும் நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். புகை கண்ணாடியில் இல்லை, அறையில்தான் இருக்கிறது என்று உடனிருப்போர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள்.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்குப் படத்தொகுப்பு அறையில் உட்கார்ந்து, அவர் ஏழாவது முறையாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் புகை ஏதும் இல்லை.

"அண்ணே, துடைச்சது போதும். உதடு பொருந்தல. கண்ணாடி இல்லாமலே தெரியுது," என்றாள் கத்தரி.

கத்தரி என்பது படத்தை வெட்டி இணைக்கும் அந்தப் பெண்ணுக்கு ஊரார் சூட்டிய பெயர். அவளுடைய கையைவிட வாய் இன்னும் கூர்மை என்பதும் அப்பெயருக்குள் அடக்கம்.

திரையில் மூட்டக்காரருடைய அக்காவின் முகம் இருந்தது. பாட்டு ஒரு சொல்லைப் பாடி முடித்து அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது. அக்காவின் உதடுகளோ முதற்சொல்லின் பாதியிலேயே தேங்கி நின்றன.

நான்கு மணிக்கு அக்கா படத்தைப் பார்க்க வருவாள். ஆறு மணிக்குள் அது இசை நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

அக்கா பாடகி. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது, வாயிலிருந்த தண்ணீர் வலப்பக்கமாகத் தானே வழிந்ததைக் கண்டாள். முகவாதம் என்றார்கள். குரலுக்கு ஒன்றும் நேரவில்லை. முகத்தின் வலப்பாதி மட்டும் முழுமையாக மீளவில்லை. சிரித்தால் உதடு இடப்பக்கம் ஏறும். வலக்கண் தன்னிச்சையாகக் கசியும். அதன் பிறகு அவளுடைய பாட்டுகளுக்கெல்லாம் யாரோ ஓர் இளம்பெண் வாயசைத்தாள். அக்காவும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. சென்ற மாதம் இந்தப் பாட்டைப் பாடிவிட்டு வந்தவள் மட்டும், தம்பியின் வீட்டு நாற்காலியில் கைப்பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்து சொன்னாள்:

"இதுக்கு நானே நிக்கிறேன். ஒரே ஒரு தடவை. ஆனா மறைக்கக் கூடாது. மறைக்கிற எண்ணம் இருந்தா இப்பவே சொல்லிடு, வேற பொண்ணைக் கூப்பிட்டுக்கலாம்."

"மறைக்க மாட்டேன்க்கா."

"வாக்கு?"

"வாக்கு."

நிறுவனத்து மேலாளர் தொலைபேசியில் இதை இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு, "சரி, முகம் லேசா தெரிஞ்சா போதும். மூட்டம் கொஞ்சம் தூக்கலாவே இருக்கட்டும். அதுதானே உங்க அடையாளம்," என்றார். மூட்டக்காரர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

உதடு பிசகியது எப்படி என்பது அவருக்கு விளங்கவேயில்லை. இது அவர் நூறு முறை செய்த வேலை. பாட்டை இரட்டை வேகத்தில் ஓட்ட வேண்டும். பாடுபவர் அந்த வேகத்துக்கே வாயசைக்க வேண்டும். கேமராவும் இரட்டை வேகத்தில் படம் பிடிக்கும். பின்னர் அந்தப் படத்தைப் பாதி வேகத்தில் ஓட்டினால் உதடு இயல்பான பாட்டோடு கச்சிதமாகப் பொருந்திவிடும். ஆனால் கூந்தலும் சன்னல் திரையும் புகையும் மட்டும் நீருக்குள் அசைவனபோல் மெல்ல மிதக்கும். பார்ப்பவருக்குக் கனவு கண்டதுபோல் இருக்கும். காரணம் தெரியாது.

"பாட்டு சாதா வேகத்துல ஓடியிருக்கு," என்றாள் கத்தரி. "கேமரா மட்டும் இரட்டை. அதான் வாய் பாதி வேகத்துல மெல்லுது. பாருங்க, படத்தைச் சாதா வேகத்துக்கு மாத்தினா கரெக்டா உட்காரும்."

மாற்றிக் காட்டினாள். உதடு பாட்டோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் மற்றதெல்லாம் கலைந்துபோயிற்று. மிதந்த புகை பறந்தது. திரைச்சீலை படபடத்தது. அக்காவின் உதடு ஒவ்வொரு சொல்லுக்கும் இடப்பக்கம் வெட்டி இழுத்தது. வலக்கண் கசிந்தது. அவள் தோள்பட்டையில் அதைத் துடைத்துக்கொண்டு மேலே பாடினாள். பகல் வெளிச்சத்தில் அடுத்த வீட்டுக்காரி வந்து நிற்பதைப்போல அத்தனை தெளிவாக இருந்தாள். முன்னும் பின்னும் மூன்று நிமிடம் கனவாக ஓடும் படத்தின் நடுவில் அக்கா வாயசைக்கும் இந்த நாற்பது நொடிச் சரணம் மட்டும் உடுப்பு மாற்றுவதற்குள் கதவைத் திறந்துவிட்டாற்போல் இருந்தது.

"நிறுத்து," என்றார்.

"இன்னொரு வழியும் இருக்கு. படம் பாதி வேகத்துலயே ஓடட்டும். புகையை மட்டும் தனியாப் படம்பிடிச்சு வச்சிருக்கோமே, அதுல ஒரு துண்டை எடுத்து வாய்க்கு மேல படர விட்டுடலாம். உதடு தெரியலேன்னா பொருந்துதா இல்லையான்னு யார் பாக்கப்போறா?"

அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கத்தரி அவருக்கு இரண்டு நிமிடம் தவணை கொடுத்தாள். பிறகு தானே வேலையைத் தொடங்கினாள். அவர் தடுக்கவில்லை.

மூன்று மணிக்கு அது முடிந்தது. சன்னல் வெளிச்சம் ஒரு தூணைப்போலச் சாய்ந்து விழ, புகை கீழிருந்து எழுந்து, கழுத்தைத் தழுவி, உதட்டை மூடி, கன்னத்தருகே கலைந்தது. இரண்டு கண்களும் நெற்றியும் மட்டுமே மிஞ்சின. பதினெட்டு ஆண்டுகளில் இவ்வளவு அழகாக எதையும் தாம் செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றிற்று. அந்த நினைப்பு வந்ததுமே அக்காவுக்குக் கொடுத்த வாக்கும் நினைவுக்கு வந்தது.

யாரையாவது திட்டினால் தேவலை போலிருந்தது. ஒலிக்காரரை அழைத்தார். படப்பிடிப்பில் பாட்டை ஓட்டுபவர் அவர்தாம். வயதில் மூத்தவர், உடம்பிலும் பெரியவர்.

"சொல்லு மூட்டம்."

"நேத்து அந்தச் சரணத்துக்குப் பாட்டை எந்த வேகத்துல ஓட்டினீங்க?"

மறுமுனையில் எதையோ மென்று விழுங்கும் ஓசை கேட்டது. "சாதா வேகம்."

"இரட்டைன்னு எழுதியே கொடுத்தேனே அண்ணே."

"கொடுத்தே. ஒத்திகையில அப்படித்தானே ஓட்டினேன்? பாட்டு எலி கத்துற மாதிரி கீச்சுகீச்சுன்னு வந்ததும் எல்லாரும் சிரிச்சாங்க. நீயும்தான் சிரிச்சே. அப்ப உங்க அக்கா முகத்தைப் பாத்தியா?"

அவர் பார்க்கவில்லை.

"தன்னைப் பாத்துச் சிரிச்சதா நினைச்சுட்டாங்களோ என்னவோ. என்கிட்ட வந்து, பாட்டைக் காதுல மட்டும் போடுங்கன்னாங்க. இயர்போனைக் காதுல மாட்டி விட்டேன். ஓரமா நின்னு ரெண்டு தடவை பாடிப் பாத்தாங்க. அந்த வேகத்துக்கு வலப்பக்க உதடு வரல. 'அண்ணே, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க, என் வாய் ஓட மாட்டேங்குது'ன்னாங்க. நான் மாட்டேன்னா சொல்ல முடியும்?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"கையைத் தூக்கிக் காட்டினேன். நீ புகைக்குள்ள நின்னுட்டிருந்தே. நீயும் கையைத் தூக்கினே. நீ சரின்னு சொல்றதா நினைச்சேன்."

மூட்டக்காரருக்கு அந்தக் கை நினைவுக்கு வந்தது. புகை இன்னும் வேண்டும் என்பதற்காகத் தூக்கிய கை அது.

"இருபது நொடியில முடிய வேண்டியது நாப்பது நொடி ஓடுச்சு. நீ கவனிக்கலையா?" என்று கேட்டார் ஒலிக்காரர். அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவரை மேலும் சுட்டது.

கவனிக்கவில்லை. அந்த நாற்பது நொடியும் சன்னலருகே புகை திரண்டு நிற்கிறதா, மேலே ஏறுகிறதா என்பதையே அவர் பார்த்திருந்தார். கேமராவுக்கு ஐந்தடி தொலைவில் அக்கா நின்று பாடினாள். அவளுடைய வாயை அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. அதற்கு முன்பும், அந்த உதட்டுக்கு இரட்டை வேகம் இயலுமா என்று ஒரு கணம் எண்ணாமலே தாளில் "இரட்டை" என்று எழுதியிருந்தார்.

தொலைபேசியை வைத்தபோது படிக்கட்டில் காலடி கேட்டது. மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. அக்காவின் நடை அவருக்குத் தெரியும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கணம் நின்றுவிட்டு ஏறுவாள்.

"திரையை மூடவா?" என்று கத்தரி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

மூடச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

"வீட்டுல இருப்பே கொள்ளல," என்றாள் அக்கா. "அதான் முன்னாடியே கிளம்பிட்டேன். திட்டாதே." கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் திரையைப் பார்த்தாள். புகைக்கு மேலே இரண்டு கண்களும் நெற்றியுமாக அந்தப் படம் அசையாமல் நின்றது.

"ரொம்ப அழகா இருக்குடா," என்றாள் அக்கா. திரைக்கு அருகே குனிந்து, "யாரு இது?" என்று கேட்டாள்.

அவள் கேலியாகக் கேட்கவில்லை. மேலாளரே வேறொரு பெண்ணை அமர்த்திவிட்டார் என்று உண்மையாகவே எண்ணிக்கொண்டாள் போலும். முகத்தில் கோபமும் இல்லை. இப்படித்தான் ஆகும் என்று முன்பே தெரிந்துவைத்திருந்தவளின் சோர்வுதான் இருந்தது.

"நீதான்க்கா."

"நானா?"

கத்தரி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

மூட்டக்காரர் நடந்ததைச் சொன்னார். பாட்டின் வேகமும் கேமராவின் வேகமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நடக்க வேண்டியவை என்பதையும், ஒன்று கையை விட்டால் என்ன ஆகும் என்பதையும் விளக்கினார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நான்தான் கெடுத்துட்டேன். மெதுவா ஓட்டச் சொன்னது நான்தானே."

"இல்லக்கா. உன் வாயைப் பாக்காம வேகத்தை முடிவு பண்ணினது நான். பாடும்போதும் பாக்கல. புகையைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"புகையையா?"

"ஆமா."

அக்கா கத்தரியின் பக்கம் திரும்பினாள். "அந்த இன்னொண்ணைக் காட்டு. உதடு பொருந்துறது."

கத்தரி மூட்டக்காரரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். படம் இயல்பான வேகத்தில் ஓடியது. நாற்பது நொடிகளும் நாற்காலியில் இருந்த அக்காவின் வலக்கை கன்னத்தை நோக்கி எழுவதும், பாதி வழியில் நின்று மடிக்குத் திரும்புவதுமாக இருந்தது. அவரோ இம்முறை திரையைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கேயும் அவளுடைய உதடு ஓசையின்றிப் பாட்டோடு அசைந்தது. ஒரு சொல்லும் பிசகவில்லை.

"புகை என்னடா இப்படித் தலைதெறிக்க ஓடுது," என்றாள் முடிவில். "பால் பொங்கினா அடுப்பை அணைக்க ஓடுவோமே, அந்த மாதிரி."

கத்தரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். உதடு இடப்பக்கம் ஏறியது. சட்டென்று கையால் மூடிக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்குடா," என்றாள் கைக்குள்ளிருந்தே. "உனக்கு?"

"எனக்கும்தான்."

"மேலாளர் திருப்பி அனுப்பிட்டா?"

"அனுப்பலாம்."

"ஆறு மணிக்கு எதை அனுப்பப்போறே?"

சுவர்க்கடிகாரத்தில் மணி நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. கண்ணாடியைக் கழற்றக் கையைக் கொண்டுபோன மூட்டக்காரர், கழற்றாமல் கையை இறக்கிக்கொண்டார். கத்தரியின் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்:

"அந்தப் புகைப் படலத்தை எடுத்துடும்மா. சரணம் முழுக்கச் சாதா வேகத்துலயே போகட்டும். மேலாளர்கிட்ட நான் பேசிக்கிறேன்."