அலசிவிட்டால் சரியாகிவிடும்

ரத்தம் எடுக்கும் நாற்காலிக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். குழாய்க்காரர் வாயை மூடிக்கொண்டு மூச்சுவிடப் பார்த்தார், மூச்சு ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் வருகிறார் என்று தெரிந்தாலே சாக்கடை அடைப்பு தானாக விலகி வழிவிடும் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவர் அவரேதான் என்பதால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. போன வருடம் மாரடைப்பு வந்தபோதுகூட, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, "அடைப்புதானே? நம்ம ஆளைக் கூப்பிடுங்க" என்றாராம். பிழைத்தார். பிழைத்த பிறகுதான் இதய டாக்டர் அடுத்த குண்டைப் போட்டார்.

"இதயம் ஒரு மாதிரி தாக்குப்பிடிச்சிருச்சு. ஆனா கிட்னி மந்தமாயிட்டு வருது. நீங்க எவ்வளவு காலம் ஓடுவீங்கங்கிறது இனிமே அது கையிலயும் இருக்கு. அடுத்த டெஸ்ட்டைப் பார்த்துட்டுப் பேசுவோம். தண்ணி மட்டும் அளவாத்தான்."

அன்றிலிருந்து வீட்டுக்காரி பாட்டிலில் அளந்து ஊற்றினாள். குழாய்க்காரருக்கு அந்த அளவுதான் விளங்கவில்லை. வடிகட்டி மந்தமானால் என்ன செய்வார்கள்? வால்வை முழுசாகத் திறந்து ஒரு அலசு அலசுவார்கள். தொழில் பொய் சொல்லாது. எனவே டெஸ்ட் நாளான இன்று விடிந்ததும், அவள் குளிக்கப் போன நேரம், சமையலறைக் குழாயில் நேராக வாயை வைத்தார். வயிறு பானையாகும்வரை எடுக்கவில்லை. நேற்றும் அப்படித்தான். முந்தாநாளும்.

பக்கத்து இருக்கையிலிருந்த வீட்டுக்காரி குனிந்து அவர் காலைப் பார்த்தாள். "ஏங்க, செருப்பு வார் ஏன் மாட்டாம தொங்குது?"

"சுருங்கிப்போச்சு."

"வார் சுருங்குச்சா, கால் வீங்குச்சா?"

"மெதுவாப் பேசு, ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். மொதல்ல நீங்க என்னைப் பாருங்க."

பார்க்கவில்லை. சொன்னால் டெஸ்ட் போச்சு. அலசல் வேலை செய்ய இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். ஆனால் நெஞ்சுக்குள் என்னவோ நுரைகட்டி மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவளைத் திசைதிருப்ப ஒரு ஜோக்கை ஆரம்பித்தார். பாதியில் காற்று தீர்ந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் முடிக்காமல் விட்ட ஜோக் அது ஒன்றுதான். அவள் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"அலசி... விட்டேன்."

"எதை?"

இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "குழாய்த் தண்ணி. மூணு நாளா."

அவள் போட்ட கூச்சலில் மாடியிலிருந்த டாக்டர் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படிகளுக்கு வலிக்காதபடி பறந்து வந்தாராம்.

முகமூடி வழியாக ஆக்சிஜன் போனது. "நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு," என்றாள் நர்ஸ். "வெளியேத்த ஊசி போட்டாச்சு. கிட்னி சொல்பேச்சு கேட்டா சிறுநீராப் பிரியும்."

"கேக்கலைன்னா?"

"பாக்கலாம்மா."

கட்டிலோரம் தொங்கிய, சிறுநீர் பிடிக்கும் பை காலியாக இருந்தது. வீட்டுக்காரி தரையில் குத்தவைத்து, கழுத்தை வளைத்து, அதற்குள் இறங்கும் குழாயையே பார்த்தாள்.

"சொட்டுதா?" முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பேசாதீங்க."

எத்தனையோ வீடுகளில் சொட்டும் குழாய்களின் வாயை அடைத்தவர், கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினார். குழாயின் நுனியில் மஞ்சளாக ஒரு துளி திரண்டது. தொங்கியது. விழுவேனா என்றது. விழுந்தால் ஏந்திக்கொள்ளப் போகிறவள்போல, அவள் பைக்கு அடியில் உள்ளங்கையை விரித்தாள்.